பெட்ரோலைக் குடித்தது யார்?

போன ஐப்பசியில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். என் மேல்தான் தப்பு என்பதால் எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்கள் தியாகதுருகம் பக்கம் "பிக்கப்" என்றால் எல்லாமே டீசல் வண்டிதான். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அமுக்குகிற அமுக்கில் வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். என்னிடம் இருப்பது பெட்ரோல் ஆம்னி, 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. பின் சீட்டையெல்லாம் கழட்டி எறிந்துவிட்டு, தரையில் தகடு அடித்து, கத்திரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றுகிற பிக்கப்பாக மாற்றி வைத்திருக்கிறேன். சினிமாவில் ஆள் கடத்துகிற வண்டி என்று நீங்கள் சிரிப்பது தெரியும். ஊரில் அதில் கடத்தாத பொருள் இல்லை: உர மூட்டை, ஆட்டுக்குட்டி, கல்யாணப் பாத்திரம், பிரசவத்துக்குப் போகிற பெண். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, ஆம்னி ஆகி, 2019-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் அதே வருஷம்தான். ஒன்று வந்தது, ஒன்று போனது.

வண்டியை ஓட்டியது ஒரு தம்பி. பக்கத்துத் தெரு. பத்தாவதோடு படிப்பை விட்டவன், கை சுத்தம், ரெண்டு வருஷமாக என்னிடம் இருந்தான். விடியற்காலை மூணு மணிக்குக் காயை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி கமிஷன் மண்டிக்குப் போவான், ஏழு மணிக்குச் சீட்டோடு திரும்பி வருவான். பெட்ரோல் போட்ட கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். லிட்டருக்குப் பதிமூணு, லோடு கம்மி என்றால் பதினாலு. இது எங்கள் வண்டியின் வழக்கம்.

புரட்டாசி கடைசியில் அது பதினொன்று ஆனது. ஐப்பசி மழை பிடித்ததும் ஒன்பது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் ஒன்பது என்றால் விவசாயிக்கு வயிறு எரியும். கத்திரிக்காய் அப்போது கிலோ எட்டு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

தம்பி ரெண்டு தரம் சொன்னான். "அண்ணே, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது. மேட்டுல புல்லிங்கே இல்ல. பிளக்கு ஒயரு எல்லாம் ஒரு தரம் பாத்துடலாம்ணே." நான் காதில் வாங்கவில்லை. மழைக்காலத்தில் எல்லா வண்டியும்தான் இருமும் என்று விட்டுவிட்டேன். என் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடியது. மண்டிக்குப் போகிற வழியில் எங்கேயோ டியூப் போட்டு உறிஞ்சுகிறான் என்று.

அந்த மாதச் சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பிடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது, "வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியான்னு தெரியலயே தம்பி" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. சாவியை பெஞ்சில் வைத்தான், டீக்கு அவன் காசை அவனே கொடுத்தான், போய்விட்டான். மறுவாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு சிமெண்ட் கடையில் லோடு வண்டி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் நானே ஓட்டினேன். நான் ஓட்டியும் ஒன்பதுதான் கொடுத்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். என் கால் சரியில்லை, கியர் சரியாகப் போடவில்லை என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். ஒருத்தனைத் திருடன் என்று ஒரு தரம் முடிவு கட்டிவிட்டால் மனசு அதை லேசில் விடாது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், பழக்கமான ஒருத்தர் மரவள்ளிக் குச்சி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள் என்றார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏற வேண்டும். காலி வண்டிதான். மூணாவது வளைவிலேயே செகண்ட் கியரில் நடுங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே என் மானத்தை வாங்கினார். ஓரமாக ஒதுக்கி நிறுத்தும்போது இருட்டிவிட்டது, தூறல் வேறு.

ஆம்னிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டார்ச்சைத் தேடி எடுப்பதற்குள் அந்த இருட்டில் பார்த்தேன்: நடு ஒயரிலிருந்து இரும்பின் மேல் நீல நிறத்தில் நூல் மாதிரி ஒன்று, டிக் டிக் டிக் என்று தாவிக்கொண்டிருந்தது. டார்ச் கையில் இருந்திருந்தால் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

பிளக் ஒயரில் ஓடுவது நம் வீட்டு 230 வோல்ட் இல்லை. காயிலிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வருகிற மின்சாரம், பிளக் நுனியில் இருக்கிற முக்கால் மில்லிமீட்டர் சந்தைத் தாண்டிக் குதித்தால்தான் பெட்ரோல் பற்றும். ஒயரின் ரப்பர் வெடித்திருந்தால் அவ்வளவு கஷ்டப்பட்டுக் குதிப்பானேன் என்று பக்கத்தில் இருக்கிற இரும்பில் இறங்கிவிடும். ஈரம் இருந்தால் இன்னும் சுலபம். அதனால்தான் மழை வந்ததும் மைலேஜ் விழுந்தது. ஆம்னிக்கு மூணே சிலிண்டர். ஒன்று செத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. ஆனால் செத்த சிலிண்டருக்கும் கார்புரேட்டர் பெட்ரோலை ஊட்டிக்கொண்டேதான் இருக்கும். அது எரியாமல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே போகும்.

திருடன் அகப்பட்டுவிட்டான். சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தான்.

குச்சி எடுக்காமல் வண்டியைத் திருப்பி, ரெண்டு சிலிண்டரில் நொண்டி நொண்டி ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் மூணு பிளக்கும் ஒரு செட் ஒயரும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. தம்பியிடம் பிடித்த காசைவிடக் கம்மி. கடைக்காரர் இன்னும் "மைக்கோ பிளக்கா வேணும்?" என்றுதான் கேட்டார். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் பக்கம் வாய்க்கு இன்னும் மைக்கோதான்.

டி.வி.எஸ். 50 வைத்திருந்த தலைமுறை நான். வழியில் பிளக்கைக் கழட்டி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி மாட்டிய அனுபவம் உண்டு. அந்தத் தைரியத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. இன்ஜின் நன்றாக ஆறின பிறகு, பிளக் குழியில் இருந்த மண்ணையும் தூசியையும் சைக்கிள் பம்பால் அடித்து வெளியேற்றினேன். இல்லையென்றால் பிளக்கைக் கழட்டியதும் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பிளக் ஸ்பேனர் போட்டுக் கழட்டினேன். ரெண்டு பிளக்கின் நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது, அது ஆரோக்கியம். நடுப் பிளக் கறுத்து, நனைந்து, மூக்கில் வைத்தால் பச்சைப் பெட்ரோல் வாடை. பழைய ஒயரை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. ஒரு இடத்தில் எலியின் பல் பதிந்திருந்தது. கரும்புக் காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினால் இதெல்லாம் நடக்கும்.

புதுப் பிளக்கை மாட்டும்போது முதலில் ஸ்பேனர் போடக் கூடாது, கையால்தான் திருக வேண்டும். ஹெட் அலுமினியம். மரை மாறி ஏறிவிட்டால் நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். கையால் போய் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் ஒரு அரைச் சுற்று, புது வாஷர் அமுங்குகிற அளவு. அவ்வளவுதான். இதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன்.

ஒயரில்தான் கோட்டை விட்டேன். ஒன்றைக் கழட்டி ஒன்றை மாட்ட வேண்டும் என்பது பாலபாடம். நான் மூணையும் ஒரே இழுவையில் பிடுங்கிவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் எந்தக் காலில் எது இருந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றின மாதிரி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். டப் என்று கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி. திண்ணையில் இருந்த என் அம்மா, "தீபாவளி முடிஞ்சிடுச்சுடா" என்றாள்.

மெக்கானிக் ஊரில் இல்லை. இந்த வண்டியின் உள்ளும் புறமும் தெரிந்த இன்னொரு ஆள் ஒருத்தன்தான். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் போட்டேன். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன். ரெண்டாவது ரிங்கில் எடுத்தான்.

"சொல்லுங்க."

அண்ணே இல்லை. வெறும் சொல்லுங்க.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "சாவிய ஆஃப் பண்ணுங்க. புல்லிப் பக்கம் இருக்கறது ஒன்னாம் நம்பரு. அந்தப் பிளக்க மட்டும் கழட்டி ஓட்டைல விரல் வைங்க. டாப் கியர் போட்டு யாரையாவது வண்டிய மெதுவா தள்ளச் சொல்லுங்க. காத்து விரலத் தள்ளும், அப்ப நிறுத்துங்க. கேப்பத் தூக்கிப் பாத்தா ரோட்டர் எந்தக் காலப் பாக்குதோ, அது ஒன்னு. ரோட்டர் சுத்தற பக்கமாவே அடுத்தது மூணு, அப்புறம் ரெண்டு. ஒன்னு, மூணு, ரெண்டு. வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டான்.

என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பையனும் தள்ள, நான் விரலை ஓட்டையில் வைத்துக்கொண்டு சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தேன். காற்று வந்து விரலைத் தள்ளியது. ரோட்டர் பார்த்த காலில் ஒன்றை மாட்டி, அவன் சொன்ன வரிசையில் மூணு, ரெண்டு. சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. மூணு சிலிண்டரும் ஒரே தாளத்தில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு ரெண்டு மாசம் ஆகியிருந்தது. எரியாத பெட்ரோல் ஆயிலிலும் இறங்கியிருக்கும் என்பதால் அதையும் மாற்றினேன்.

உடனே அவன் வீட்டுக்குப் போகவில்லை. டேங்கை நிரப்பி, நாலு நாள் மண்டிக்கு ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். பதிமூணு புள்ளி ரெண்டு. அதை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டையும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயையும் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் போனேன். வண்டியிலேயே போனேன்.

அவன் அம்மாதான் வாசலில் இருந்தாங்க. "வாங்க தம்பி" என்று சொன்னாங்க, உட்காரச் சொல்லவில்லை. அவன் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தான். பணத்தை நீட்டி, "ஒயருதாம்பா. நீ சொன்னதுதான். தப்பு என்னுது" என்றேன். நோட்டை விரித்துக் காட்டினேன். அவன் நோட்டைப் பார்க்கவே இல்லை. பணத்தை வாங்கி அம்மா கையில் கொடுத்தான்.

"டீக்கடையில வந்து சொல்வீங்களா?" என்று கேட்டான்.

மறுநாள் காலையில், அதே நேரத்துக்கு, அன்றைக்கு இருந்த நாலு பேரில் மூணு பேர் இருக்கும்போது சொன்னேன். அந்த நாலாவது ஆளையும் பிடித்துச் சொல்ல ரெண்டு நாள் ஆனது.

தம்பி திரும்ப வரவில்லை. சிமெண்ட் கடையில் எனக்கு மேல் சம்பளம், ஞாயிறு லீவு. அது நியாயம்தான். போன வாரம் கூட்ரோட்டில் அவன் லாரியும் என் ஆம்னியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அண்ணே, அந்த டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் மாத்திடுங்க. உள்ள கார்பன் தேஞ்சி போயிருக்கும். அடுத்த மழைக்குத் தாங்காது."

நேற்று வாங்கி வைத்துவிட்டேன்.