குழிக்குள் இறங்கும் வயது

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சிறிது நேரம் நடந்தால் வந்துவிடுகிறது சி.வி.என். களரி. காலையில் போனால், மேலே பார்வையாளர்களுக்கான இடத்தில் நின்று கீழே பயிற்சியைப் பார்க்கலாம். தரைமட்டத்துக்குக் கீழே ஒரு நீண்ட மண்குழி. அதில் எண்ணெய் மினுங்கும் உடல்கள். சுவரோரம் வாள்கள், கேடயங்கள், கம்புகள். ஒரு பையன் ஓடி வந்து எம்பி, காலை நெற்றிக்கு மேலே வீசிவிட்டுப் பூனைபோல் இறங்குகிறான். கேமராவுடன் வந்த வெளிநாட்டுத் தம்பதி மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வேறு கவலை. 44 வயதில், இரண்டு பிரசவங்களுக்கும் இருபது வருட மேஜை வேலைக்கும் பிறகு, அந்தக் குழிக்குள் நான் இறங்க முடியுமா?

கேள்வி வேடிக்கைக்காக எழுந்ததல்ல. மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை ஒன்றுக்காக இந்த ஊருக்குக் குடிவந்த முதல் மழைக்காலத்தில், தம்பானூரில் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். அடி பெரிதில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் விழுகிற அந்த நொடியில் கை தரையில் ஊன்ற முன்வரவே இல்லை. பையிலிருந்த கையெழுத்துப் பிரதியைத்தான் அது இறுகப் பிடித்திருந்தது. உடம்பு என்று ஒன்று என்னிடம் இருப்பதையே மறந்து பல வருடங்களாகிவிட்டன என்று அன்று இரவு தோன்றியது. டாக்டர் நடக்கச் சொன்னார். மகள் கராத்தே சேரச் சொன்னாள்.

மகள் சொன்னதைக் கேட்டேன். கராத்தே வகுப்பில் எனக்கு முன் வரிசையில் நின்றவருக்கு வயது எட்டு, இடுப்பில் மஞ்சள் பெல்ட். மாஸ்டர் நல்லவர். ஆனால் வகுப்பின் வேகம் அந்த எட்டு வயதுக்கானது. பக்கவாட்டில் நின்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை விட என்னைத்தான் அதிகம் கவனித்தார்கள். இரண்டு வாரத்தில் நின்றுகொண்டேன்.

அடுத்தது, சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் ஒரு களரி மையம். பத்து நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ். உலகத்தின் எல்லாச் சண்டைக் கலைகளும் இங்கிருந்துதான் கிளம்பின என்று சுவரில் ஒரு பலகை. இரண்டாம் நாளே, தலைக்கு மேல் உயர்த்திய என் கையை என் காலால் தொடச் சொன்னார் இளம் பயிற்சியாளர். தொடவில்லை. தொடையின் பின்பக்கத்தில் ஏதோ பிய்ந்தது போல வலி. மூன்று வாரம் நொண்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: ‘கடைசியாக எப்போது ஓடினீர்கள்?’

இரண்டு இடத்தில் தோற்ற பிறகுதான் தொழில் புத்தி வேலை செய்தது. சேருவதை நிறுத்திவிட்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

கேரளத்தில் களரி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு பெரிய மரபுகள் இருக்கின்றன. வடக்கன், தெக்கன். வடக்கன் மலபார்ப் பக்கம் வளர்ந்தது. ஆசிரியர் ‘குருக்கள்’. ஆதிகுரு பரசுராமர் என்பது ஐதீகம். 42 அடி நீளம், 21 அடி அகலத்தில், கிழக்கு மேற்காகத் தோண்டிய குழிதான் பள்ளிக்கூடம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை. முதலில் மெய்ப்பயற்று, அதாவது உடலைப் பழக்கும் பயிற்சி. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு வடிவங்கள். அது படிந்த பிறகு கோல்தாரி: நீண்ட கம்பு, மூன்று சாண் நீள முச்சாண், வளைந்த ஒற்றை. பிறகு அங்கத்தாரி: கத்தி, வாள், ஈட்டி, சுருட்டி வைக்கக்கூடிய உருமி. வெறும்கை கடைசியில்தான். சினிமா பார்த்துவிட்டு முதல் நாளே வாள் கேட்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

தெக்கன் தலைகீழ். வெறும்கையிலும் காலடிகளிலும் தொடங்குகிறது. குழி கட்டாயமில்லை, தோப்பும் முற்றமும் போதும். ஆசிரியர் ‘ஆசான்’, ஆதிகுரு அகத்தியர். வர்மம் இதன் உயிர். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108. ‘இந்தியன்’ (1996) படத்தில் கமல் இரண்டு விரலால் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு சினிமாவைக் கழித்துவிடுங்கள். இந்த வர்ம நூல்கள் பல தமிழிலேயே இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூருடன் இருந்தது. மாநில எல்லைக் கோடு பிறகு வந்தது, அடிமுறை அதற்கு முன்பே அங்கே இருந்தது.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குத் தெக்கன்தானே பொருத்தம்? பேருந்து ஏறி, களியக்காவிளை தாண்டி ஒரு ஆசானைப் பார்க்கப் போனேன். எழுபது வயது, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு. என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. நடக்கச் சொன்னார். முற்றத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கு தடவை. பிறகு கேட்டார்: “வலது முட்டுல நோவு உண்டா மக்களே? பாரத்த இடது காலுல போடுத.” எனக்கே தெரியாத விஷயம். தினமும் வர முடியுமா என்றார். வாரம் ஒரு முறை என்றேன். “அப்ப வேண்டாம். பக்கத்துல யாரையாவது பாரு. ஒண்ணர மணி நேரம் பஸ்ஸுல குத்த வச்சு வந்து படிக்கப்பட்டது இல்ல இது.” காசு வாங்காமல், கட்டன்சாயா கொடுத்து அனுப்பினார். சேர்த்துக்கொள்ள மறுத்த அவரிடம்தான் பள்ளியைத் தேர்வது எப்படி என்பதில் பாதியைக் கற்றேன்.

மீதிப் பாதி வடக்கே கிடைத்தது. இரவு ரயிலில் 400 கி.மீ.க்கு மேல் பயணம், கோழிக்கோட்டைத் தாண்டி வடகரை. கடத்தநாடு என்ற பழைய பெயர் இன்னும் வழங்கும் மண். வடக்கன் பாட்டுகளின் தச்சோளி ஒதேனன் இந்தப் பக்கத்துக்காரர். அவர் வணங்கியதாகச் சொல்லப்படும் லோகநார்காவு சில கி.மீ. தூரத்தில். மம்மூட்டி நடித்த ‘ஒரு வடக்கன் வீரகாத’ (1989) பார்த்தவர்களுக்குப் பாதி ஊர் ஏற்கெனவே தெரியும். நிஜ வடகரையில் சேவகர்கள் இல்லை. மழை, மீன் லாரி, வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகள்.

வடகரையை ஒட்டிய புதுப்பணத்தில் இருக்கிறது கடத்தநாடன் களரி சங்கம். ராகவன் குருக்கள் 1949ல் தொடங்கியது. அவருடைய மனைவி மீனாட்சியம்மா ஏழு வயதில் களரியில் இறங்கியவர். பூப்படைந்ததும் பெண்கள் களரியை விட்டுவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் விடாமல் தொடர்ந்தவர். 2017ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளும் கேடயமுமாக நிற்கும் அவருடைய படத்தைப் பலரும் பத்திரிகைகளில் பார்த்திருப்பார்கள். இங்கே கட்டணம் என்று எதுவும் விதிப்பதில்லை. மழைக்காலத்தில்தான் பயிற்சி சூடுபிடிக்கும். ஈரக்காற்றில் உடல் இளகும் என்பது கணக்கு. நான் போன அன்றும் மழை. ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகச் சிறுமிகள் வரிசையில் நின்றார்கள். ‘இந்த வயதில் ஒரு பொம்பளை’ என்ற கூச்சத்தைப் புதுப்பணத்திலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

வயதைப் பற்றிய பயத்துக்கு வேறொருவர் மருந்து தந்தார், புத்தகம் வழியாக. பிலிப் சாரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் 1976ல் கேரளத்துக்கு வந்து, கிழக்கேகோட்டை களரியில் கோவிந்தன்குட்டி நாயரிடம் சேர்ந்தார். அப்போது முப்பதை நெருங்கும் வயது. தொடக்கத்தில் தன் உடம்பு எப்படி முரண்டு பிடித்தது என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு பல ஆண்டுகள் பயின்று, களரியைக் கொண்டு நடிகர்களைப் பழக்கினார். 1998ல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூலின் தலைப்பு, ‘மெய் கண்ணாகும்போது’ என்ற பொருள்படும் மலையாள வழக்கிலிருந்து எடுத்தது. 2020ல் காலமானார். அவர் சேர்ந்த களரிக்கும் ஒரு கதை உண்டு. அழியும் நிலையிலிருந்த வடக்கன் முறையை, கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் கற்று மேடைகளில் காட்டி மீட்டவர் சி.வி. நாராயணன் நாயர். அவர் 1944ல் மறைந்தார். மகன் கோவிந்தன்குட்டி நாயர் தந்தையின் பெயரெழுத்துகளிலேயே 1956ல் தலைநகரில் களரி திறந்தார். வடக்கத்தி முறை தெற்கே வந்தது அப்படித்தான்.

ஆக, எந்த முறை உயர்ந்தது? எது பழையது? வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, களரிப்பயற்று 11ம் நூற்றாண்டின் சேர, சோழப் போர்க்காலத்தில் உருவானது என்று கருதினார். எதிரணியில் நின்றது நாம்தான் என்பதால் தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முட்டி வலிக்காரருக்கு இந்த ஆராய்ச்சி உதவாது. எத்தனை நூற்றாண்டு என்று உரக்கப் பேசும் இடத்தில், முதல் மாதம் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் அதைத்தான் கேட்டேன்.

கடைசியில் சேர்ந்தது என் வாடகை வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் சின்னக் களரி. கீற்றுக் கூரை. பெயர்ப்பலகைகூடச் சாய்ந்திருக்கும். முதல் மூன்று நாள் குருக்கள் என்னை ஓரமாக உட்கார்ந்து பார்க்க மட்டும் விட்டார். அந்த மூன்று நாளில் நான் கவனித்தவை: நாற்பதைத் தாண்டிய ஒரு தபால்காரரும் ஒரு பள்ளி ஆசிரியையும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியபோது, பயிற்சியை நிறுத்திக் குருக்களே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்தார். நான்காம் நாள் கேள்விகள். பிரசவம் எப்படி, தூக்கம் எப்படி, முட்டு எப்படி. “வலது முட்டு” என்றேன், ஆசானை நினைத்துக்கொண்டு. முதல் மாதம் என்ன என்று கேட்டதற்கு, “பாதி” என்றார். பாதி தாழ்வு, பாதி உயரம், பாதி எண்ணிக்கை. வெற்றிலை, பாக்கு, ஒரு நாணயம் வைத்துச் சேர்ந்தேன். “இந்த வயதில் குழிக்குள் இறங்குகிறேன்” என்று வீட்டில் சொன்னபோது மகள் சிரிக்கவில்லை.

கற்பதில் எனக்கென்று ஒரு தனி இடைஞ்சல் இருந்தது. குருக்கள் சொல்லும் வாய்த்தாரிக்கு ஏற்ப உடல் நகர வேண்டும். அவர் ‘அமர்ந்நு’ என்பார். நமக்கு அது உட்காருவது. அங்கே இடுப்பைத் தாழ்த்தி நிற்பது. நான் மனசுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் வரிசை இரண்டடி முன்னே போயிருக்கும். ஒரு நாள் குருக்கள் நிறுத்திக் கேட்டார்: “டீச்சர், காதிலிருந்து காலுக்குப் போக வேண்டியது ஏன் தலைக்குப் போய்த் திரும்புகிறது?” பிழைப்பே அதுதான் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் ஆயிற்று, சொல் காதில் விழுந்ததும் கால் தானாக நகர. அந்த ஒரு மணி நேரம் நான் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. இருபது வருடத்தில் அப்படி ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

கர்க்கடக மாதத்தில் குருக்களின் மனைவி உழிச்சில் செய்தார். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் எண்ணெய் தேய்ப்பது. முதல் நாள் அழுகை வந்தது. ஏழாம் நாள் முதுகு எனக்குச் சொந்தமாயிற்று.

நண்பர்கள் இப்போது கேட்கிறார்கள், எதில் சேரலாம் என்று. சிலம்பமோ, ஜூடோவோ, மணிப்பூரின் தாங்-தாவோ, உங்கள் தெருவில் எது நன்றாக நடக்கிறதோ அது என்கிறேன். தினமும் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். முதலில் பார்க்க விட வேண்டும். உங்கள் வயதில் இன்னும் இரண்டு பேராவது இருக்க வேண்டும். சொல்லித் தருபவர் உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்ட பிறகே தன் கலையைப் பற்றிப் பேச வேண்டும். எத்தனை நாளில் சான்றிதழ் என்று அவரே ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு வருடம் முடிந்துவிட்டது. என் நேர்க்கால் நெஞ்சு உயரம்வரை போகிறது. நெற்றி இன்னும் தூரம். போன வாரம் நல்ல மழையில் அதே தம்பானூரில் அதே மாதிரிப் படியில் இறங்கினேன். வழுக்கவில்லை. அதனால், விழுந்திருந்தால் கை ஊன்றியிருக்குமா என்பது தெரியாது. பையை மட்டும் இப்போது குறுக்காக மாட்டிக்கொள்கிறேன். இரண்டு கையும் காலியாக இருக்கிறது.