இகோமா மலைப் பிள்ளையாரும் சம்பந்தி வீட்டு சாமிப் பெட்டியும்



ஜப்பானிலிருந்து நந்தனம் வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. படங்கள் மட்டும் போட்டேன். "சார், இது போதாது, எழுதுங்க" என்று பழைய பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கட்டியிருப்பது ஜப்பான்காரரை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சம்பந்தி வீடு நாரா பக்கத்தில் இகோமா என்ற மலையடிவார ஊரில் இருக்கிறது. சம்பந்தியம்மா தனியாக இருக்கிறார். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒசாகாவிலிருந்து வாராவாரம் வந்து போகிறார்கள். சம்பந்தியம்மா என்னை 'சென்செய்' என்றுதான் கூப்பிடுகிறார். வாத்தியார் என்று அர்த்தம். ஓய்வு பெற்றாலும் அந்தப் பட்டம் கடல் தாண்டி வந்துவிட்டது!

போன மறுநாளே, "எங்கள் ஷோதென் சாமியைப் பார்க்கலாம்" என்று மலைமேல் ஹோசான்ஜி கோயிலுக்கு அழைத்துப் போனார். கயிறு கட்டி இழுக்கும் மலை ரயில். 1918இல் தொடங்கியது, ஜப்பானிலேயே முதல் கேபிள் ரயில் இதுதான். இப்போது அதன் பெட்டிகளை நாய், பூனை முகத்தோடு செய்து வைத்திருக்கிறார்கள். பேத்திக்குக் கோயிலைவிட அதுதான் முக்கியம். இறங்கியதும் படி, படி, படிதான். முழங்கால் கெஞ்சியது. வழி நெடுக சிவப்புத் துணி கட்டிய ஜிசோ சிலைகள். கோயிலில் எங்கு திரும்பினாலும் இரண்டு சின்னங்கள்: பின்னிக் கிடக்கும் இரட்டை முள்ளங்கி, சுருக்குப் பை. ஒசாகா வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிடும் சாமி இது. சாமியைத் தரிசிக்க முடியாது. உருவம் எப்போதும் மறைவில்தான்.

சாமிக்கு என்ன முகம் என்று கேட்டேன். சம்பந்தியம்மா சிறு வயதிலிருந்து வந்து போகிறவர், "தெரியாது சென்செய், பார்த்ததில்லையே" என்றார். மாப்பிள்ளை கைப்பேசியில் தேடிக் காட்டினார். யானை முகம். இரண்டு யானைமுகர்கள் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் கோலம். ஷோதென், கங்கிதென் என்றெல்லாம் அங்கே சொல்கிறார்கள். நம் விநாயகர்தான், பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர். நான் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. மூன்று போட்டேன். நான்காவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

இதைவிட வேடிக்கை கியோத்தோவில். அங்கே ஒரு பழைய மிட்டாய்க் கடையில் இந்தச் சாமிக்குப் படைக்கும் பலகாரம் விற்கிறார்கள். மாவைச் சுருக்குப் பை போல் முடிச்சுப் போட்டு, உள்ளே இனிப்புப் பயறு வைத்து, நல்லெண்ணெயில் பொரிக்கிறார்கள். பூரணத்தில் வாசனைப் பொருள்கள் சேர்க்கிறார்கள், கடித்தால் ஊதுபத்தி மணம். ஆனால் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை என்று பார்த்ததுமே தெரிகிறது.

நாராவில் தோதைஜி பெரிய புத்தர். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலம். கி.பி. 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியத் துறவி போதிசேனர். 736இல் கடல் வழியாகப் போய் இறங்கியவர். நம் ஸ்தபதிகள் கண் திறப்பார்கள் அல்லவா, அதே சடங்கு. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாருமே கண் திறந்த புண்ணியத்தில் பங்கு பெறுவதற்காக. அந்தத் தூரிகையைப் பக்கத்திலேயே ஷோசோயின் கருவூலத்தில் 1,200 ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்து வருகிறார்கள். போதிசேனரை மதுரைக்காரர் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசையைச் சான்றாக எழுதினால் உங்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருப்பேன், ஆகவே அதை அப்படியே விடுகிறேன்.

தமிழாசிரியனுக்குப் பிடித்தது இன்னொன்று. பேத்தி எனக்கு ஜப்பானிய அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தாள். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப' ஒலியாக இருந்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். 'ப' வைத்துச் சொல்லிப் பாருங்கள், நம் வரிசை! மந்திரம் ஓதுவதற்காக வடமொழி எழுத்து படித்த பௌத்தத் துறவிகளால் வந்த முறை இது. கல்லறைகளில் நட்டிருக்கும் மரப்பலகைகளிலும் அந்தப் பழைய இந்திய எழுத்து இன்றைக்கும் இருக்கிறது.

இனி, உறவுகள் படிக்க வேண்டிய பகுதி.

நாங்கள் போனது ஓபோன் நாட்களில், ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். நம் மகாளய பட்சம் மாதிரி. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், பசித்த பேயாகக் கிடந்த தன் தாயைக் கரையேற்றிய கதையை இதற்குச் சொல்கிறார்கள். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு மரப் பெட்டி, கதவு வைத்தது. உள்ளே புத்தர், முன்னோர் பெயர் எழுதிய சிறு பலகைகள். காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டி அங்கேதான் போகிறது. பிறகு ஊதுபத்தி, சின்ன மணி.

என் மனைவி போய் இரண்டு வருடம். வருஷத் திதியன்று நம் வீட்டில் பெரியக்கா கேட்டது நினைவிருக்கும்: "நீ இருக்கிற வரைக்கும் நீ செய்வே. உனக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் யாருடா செய்வா? ஒரே பொண்ணு, அதுவும் ஜப்பான்ல." அக்கா கோபத்தில் கேட்கவில்லை, கவலையில்தான் கேட்டாள். மகள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

ஓபோன் முதல் நாள் மாலை. சம்பந்தியம்மா பெட்டியைத் துடைத்துக்கொண்டே மகளிடம் ஏதோ சொன்னார். அவள் பதில் சொன்னாள். அந்த அம்மா துணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். அங்கேயும் அதே கவலையாம். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், பார்க்க ஆளில்லாமல் குடும்பக் கல்லறையையே மூடிவிடும் வீடுகள் பெருகிவிட்டன. "எனக்குப் பிறகு இந்தப் பெட்டியை யார் பார்ப்பார்கள்? உன்னைக் கேட்க எனக்கு உரிமையில்லை, உன் சாமி வேறு" என்றிருக்கிறார். மகள், "நான் பார்ப்பேன் அம்மா. அதில் எங்கம்மாவுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை பெட்டிக்குப் பக்கத்தில் என் மனைவியின் படம். பச்சைப் பட்டுப்புடவை, 2011இல் பனகல் பார்க் ஸ்டுடியோவில் எடுத்தது. "உங்கள் வீட்டு அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று சம்பந்தியம்மா கேட்டார். நான் கொண்டுபோன காபிப் பொடியில் மகள் டிகாஷன் இறக்கினாள். அந்த அம்மா இரண்டு கையாலும் டவரா டம்ளரை ஏந்திப் போய் வைத்து, மணி அடித்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

15ஆம் தேதி இரவு தோதைஜி மண்டபத்தின் முன்னால் ஆயிரக்கணக்கில் விளக்கு ஏற்றுகிறார்கள். மண்டபத்தின் மேல் சாளரத்தைத் திறந்துவிடுவார்கள், வெளியே நின்றபடியே புத்தர் முகம் தெரியும். நால்வரும் பேசாமல் நின்றோம். பேத்தி மட்டும் ஐஸ்கிரீம் கேட்டாள்.

பெரியக்கா, இதை உனக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். பதில் கிடைத்துவிட்டது.

ஜனவரியில் சம்பந்தியம்மா சென்னை வருகிறார். நம் வீட்டு எதிரில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடந்தால் காட்டலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினம் புத்தர் செப்புத் திருமேனிகளை அவசியம் காட்ட வேண்டும். ஜப்பானிய மொழி தெரிந்த பிள்ளைகள் யாராவது ஒரு நாள் கூட வர முடியுமா? காரும் சாப்பாடும் என் பொறுப்பு. கயலோடும் மாப்பிள்ளை இல்லாமல் அவர் தனியாகத்தான் வருகிறார், ஆகவே நானும் அவரும் எவ்வளவு நேரம்தான் சைகையிலேயே பேசுவது?