உன்சட் என்றால் ஐம்பத்தொன்பது

மார்ச் மாதம் வங்கிக்காரன் வீடு எப்படி இருக்கும் என்று வங்கிக்காரர்களுக்கும் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. டெல்லியில் இன்னொரு விசேஷம், பள்ளிக்கூடத்துக்கும் மார்ச்சில்தான் கணக்கு முடிப்பு. ஏப்ரலில் பரீட்சை, ஜூனில் பள்ளி திறப்பு, நடுவில் மாம்பழம் என்று மன்னார்குடியில் வளர்ந்தவனுக்கு இது சுலபத்தில் பழகவில்லை. இங்கே மார்ச் கடைசியில் ரிப்போர்ட் கார்டு, ஏப்ரல் பிறந்ததும் அடுத்த வகுப்பு.

2024-25-ல் என் பெண் மூன்றாம் வகுப்பு. 2023-ல் எனக்குத் திருச்சியிலிருந்து மாற்றல் வந்தபோது இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். ஆக, டெல்லியில் இது இரண்டாவது வருடம். ரிப்போர்ட் கார்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அதோடு ஒரு தாளும் இணைத்திருந்தார்கள். "இந்த வருடம் நான் என்ன கற்றுக்கொண்டேன்?" என்று எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். அம்மணி பதினோரு வரி எழுதியிருக்கிறாள். எல்லாம் ஹிந்தியில், பென்சிலில். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

சில வரிகள் எதிர்பார்த்தவைதான். வகுத்தால் சில சமயம் மீதி வரும். ஆன்லைன் வகுப்பில் கை தூக்கினால் டீச்சருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு எலுமிச்சை சாதம் பிடிக்கும், தயிர் சாதம் பிடிக்காது. 'வீணா' என்பது புத்தகமும் கூட, வாத்தியமும் கூட.

கடைசியில் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. புதுப் பாடப்புத்தகங்களை ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 2023-லும், மூன்றுக்கும் ஆறுக்கும் 2024-லும் கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புக்கு ஆங்கிலப் புத்தகத்தின் பெயர் 'மிருதங்', ஹிந்திக்கு 'சாரங்கி'. மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் 'சந்தூர்', ஹிந்தி 'வீணா'. மிருதங்கம் ஆங்கிலத்துக்குப் போயாயிற்று, வீணை ஹிந்திக்குப் போயாயிற்று, நமக்கு ஜால்ராவாவது மிஞ்சுமா என்று கேட்டேன். தங்கமணி முறைத்தாள்.

ஒரு வரியில் என்னையும் இழுத்திருந்தாள். "உன்சட் என்றால் 59. அப்பாவுக்குத் தெரியாது."

உண்மைதான். ஹிந்தியில் நூறு வரை எண்ணுவது நம்மைப் போல் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று கட்டிக்கொண்டே போகிற விஷயம் இல்லை. ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிச் சொல். கவுண்டரில் ஒருவர் "உன்ஹத்தர் ஹஜார்" என்றால் நான் பேசாமல் செலானை நீட்டி எழுதித் தரச் சொல்லிவிடுவேன். மகள்தான் எனக்கு வகுப்பு எடுத்தாள். உன்தீஸ் 29, உன்தாலீஸ் 39, உன்ச்சாஸ் 49, உன்சட் 59, உன்ஹத்தர் 69. முன்னால் 'உன்' வந்தால் அடுத்த பத்தில் ஒன்று குறைவு என்று அர்த்தமாம். சமஸ்கிருத 'ஊன', நம் 'ஊனம்' எல்லாம் அதே குடும்பம்தான். 89-ல் இந்த விதி கவிழ்ந்துவிடுகிறது, அது நவாசி. ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்பா" என்றாள்.

நானும் விடவில்லை. தமிழில் தொண்ணூறு என்று ஏன் சொல்கிறோம் தெரியுமா என்று கேட்டேன். இருபது, முப்பது, எண்பது வரை எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்கிறது. தொண்ணூறில் நூறு உட்கார்ந்திருக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம். ஒன்பது வந்தால் நாமும் அடுத்த வீட்டைத்தான் எட்டிப் பார்க்கிறோம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப தமிழும் கொஞ்சம் ஹிந்தி மாதிரிதான்" என்று தீர்ப்பு சொன்னாள். மேடைப் பேச்சாளர்கள் யாரும் இந்தப் பக்கம் வராமல் இருக்கக் கடவது.

டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை. இவற்றைப் பள்ளியில் அல்ல, காய்கறி வண்டிக்காரரிடம் கற்றிருக்கிறாள். ஸவா என்பது காலைக் கூட்டிச் சொல்வது, பௌனே என்பது காலைக் குறைத்துச் சொல்வது. பௌனே தோ என்றால் ஒன்றே முக்கால். என் அம்மாவுக்கு இது பிடிக்கும். மாகாணி, அரைக்கால் என்று சொல்லிச் சொல்லியே நெல் அளந்த தலைமுறை.

அடுத்தது நவம்பர். அதற்கு மட்டும் மூன்று வரி. "மாஸ்க் போட்டுக்கொண்டு பாட முடியாது." "300 என்றால் பரவாயில்லை." "சூரியனை நேராகப் பார்க்கலாம்." டெல்லியில் குடியிருப்பவர்களுக்குப் புரியும். 2024 நவம்பர் 15 முதல் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடி ஆன்லைனுக்கு மாற்றினார்கள். 18-ம் தேதி காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலே 500-ல் முடிந்துவிடும். மூன்றிலக்க எண்களில் எது பெரிது, எது சிறிது என்பதை என் பெண் அந்த மாதத்தில்தான் சரளமாகக் கற்றாள். காலையில் எழுந்ததும் என் போனை எடுத்து நம்பர் பார்ப்பாள். முந்நூற்றுச் சொச்சம் என்றால், "அம்மா, இன்னிக்கு நல்லா இருக்கு, கீழ விளையாடப் போலாமா?" என்பாள். இரண்டு வருடம் முன்பு ஸ்ரீரங்கத்தில் காவிரிக் காற்றில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை! இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

பதினோராவது வரிதான் விஷயம். அப்படியே தமிழில் தருகிறேன். "அப்பாயி போனில் பேசுவது எனக்கு எல்லாம் புரிகிறது. பதில் சொல்ல எனக்கு நேரமாகிறது. அதற்குள் அப்பாயி போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்கிறார்."

அன்று இரவு தங்கமணியும் நானும் நெடுநேரம் பேசினோம். தமிழ்ப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா? டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என்று பரவி இருக்கின்றன. 1920-களில் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் தொடங்கியது. அன்று அரசாங்கம் கோடை வந்தால் மூட்டை முடிச்சோடு சிம்லா ஏறும், குமாஸ்தாக்களும் கூடவே ஏறுவார்கள். அந்தக் குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது. நம் பிரச்சினை ஒன்றும் புதுசில்லை பாருங்கள்.

ஆனால் நாங்கள் இருப்பது ரோகிணி. பூசா ரோடு போக காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளையை இருட்டில் பஸ் ஏற்றவேண்டும். அடுத்த மாற்றல் உத்தரவு பாட்னா என்றும் வரலாம், கோயம்புத்தூர் என்றும் வரலாம். கோயம்புத்தூர் என்றால் தமிழ் எழுதத் தெரியாமல் போய் நிற்பாள். பாட்னா என்றால் இப்போது சேர்த்த சிநேகிதிகளையும் விட்டு இன்னொரு முறை முதலிலிருந்து. "அவ வகுப்புல நல்லா ஒட்டிக்கிட்டா. திரும்பப் பிச்சு நடணுமா?" என்றாள் தங்கமணி. என்னிடம் பதில் இல்லை. பள்ளி மாற்றவில்லை.

தமிழை வீட்டிலேயே தொடங்கினோம். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று பிறந்து இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் தளத்தில் மழலைப் பாடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசுப் பாடப்புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் வகுப்புத் தமிழை அச்செடுத்தேன். 247 எழுத்து என்றதும் முகம் போன போக்கைப் பார்த்து, அட்டவணையைக் காட்டி முப்பத்தொன்றைக் கற்றால் மற்றதெல்லாம் கூட்டல்தான் என்றேன். கூட்டல் அவளுக்குப் பிடிக்கும்.

அம்மாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "புள்ளைக்குப் பேச விருப்பம் இல்லையோன்னு நெனச்சேன் தம்பி" என்றார். பிறகு, "நான் கடுதாசி எழுதுறேன். மெதுவாப் படிக்கட்டும், கடுதாசிக்கு ஒண்ணும் அவசரம் கெடையாது" என்றார்.

மே மாதம் முதல் இன்லண்டு வந்தது. எங்கள் கட்டிடத்துக்குத் தபால்காரர் வங்கி உறை தவிர வேறு எதுவும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. மகள் தரையில் படுத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். "அப்பா, இது என்ன யானைத் தும்பிக்கை மாதிரி?"

எட்டிப் பார்த்தேன். 'தலை' என்ற சொல். அம்மா படித்தது 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். லை, னை, ணை, ளை எல்லாம் அவர் கையில் இன்றும் தும்பிக்கையோடுதான் வரும். றா, னா, ணாவுக்கும் பழைய சுழிதான். நான் பள்ளி சேரும்போதே புது எழுத்து வந்துவிட்டதால் எனக்கு இது கடுதாசியில் மட்டும் பார்த்துப் பழகியது.

அவளுக்கு அது புதையல். மொத்தம் எத்தனை என்று குடைந்தாள். ணா, றா, னா மூன்று, அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறு, ஐகாரத்தில் நான்கு. ஆகப் பதிமூன்று. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் அப்பாயி எழுத்து, மறுபக்கம் புத்தக எழுத்து என்று வரைந்தாள். கடிதத்தில் ஐந்துதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் என் கையிலிருந்து அவளே பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பாயி, பதிமூணுல... அஞ்சுதான் வந்திருக்கு. மீதி எட்டும்... அடுத்த லெட்டர்ல வரணும். சரியா?"

நடுவில் இரண்டு இடத்தில் நின்றாள். அம்மா போனை யாரிடமும் கொடுக்கச் சொல்லவில்லை. "எந்த எட்டுன்னு சொல்லு கண்ணு, எழுதிக்கிறேன்" என்று அங்கே பேனா தேடும் சத்தம் கேட்டது.