மக்காவுச் சுவரில் ஒரு சுண்ணாம்புச் சொல்

தென்சீனக் கடற்கரையில், முத்தாற்றின் முகத்துவாரத்தில், ஒடுங்கிய நிலக்கழுத்து ஒன்றால் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மக்காவுத் தீபகற்பத்தில் போர்த்துக்கீசியர் 1557ஆம் ஆண்டளவில் நிலையாகக் குடியேறினர். கடலைத் தூர்த்துத் தூர்த்து விரிந்த பின்னும் ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டரையே எட்டியுள்ள இந்நிலம், உலகில் மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களுள் ஒன்றாகும். இதன் பழைய நகர்ப்பகுதியை 2005இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதைக் காண வருவோரில் பெரும்பாலோர் புனித பவுல் ஆலயத்தின் கருங்கல் முகப்பின் முன் கூடுகின்றனர். 1602க்கும் 1640க்கும் இடையில் எழுந்த அவ்வாலயம் 1835இல் தீக்கிரையானபோது முகப்பும் அதன்முன் உள்ள படிக்கட்டும் மட்டுமே தப்பின. அம்முகப்புக்குப் பின்னால், 1888இல் நாச்சா என்னும் குழந்தைத் தெய்வத்துக்குக் கட்டிய சிறு கோயிலை ஒட்டி, 18.5 மீட்டர் நீளமும் 5.6 மீட்டர் உயரமும் உடைய மண்ணிறச் சுவர்த்துண்டு ஒன்று நிற்கிறது. 1569ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இந்நகரச் சுவரை நின்று பார்ப்போர் குறைவு. எனினும் தமிழர் கவனத்துக்கு உரியது முகப்பைவிட இச்சுவரே என்று சொல்லத் தோன்றுகிறது.

களிமண், மணல், வைக்கோல், பொடித்த கல், சிப்பி ஓடு ஆகியவற்றைக் கலந்து, படை படையாக இட்டு, திமிசால் இடித்து இறுக்கிய இச்சுவரின் கட்டுமானப் பொருளை மக்காவுப் போர்த்துக்கீசியர் ‘சுனாம்போ’ என்று எழுதினர். சொல்லின் இறுதி ஓகாரம் அவர்கள் வாயில் உகரமாகக் குறுகுவதால், பேச்சில் அது ஏறக்குறைய ‘சுனாம்பு’ என்றே ஒலிக்கும். இச்சொல் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது வியப்பளிப்பது, அதற்கான தேவையே இருக்கவில்லை என்பதுதான். இடித்திறுக்கிய மண்சுவருக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ‘தைப்பா’ என்னும் சொந்தச் சொல் உண்டு. சீனருக்கோ அத்தகைய சுவர் தொன்றுதொட்டுப் பழகியது. அப்படியிருக்க, தொழில்நுட்பத்துக்கு உரிய இரு மொழிகளையும் விட்டு மூன்றாம் மொழியிலிருந்து பெயர் வந்து ஒட்டியிருக்கிறது.

மூன்றாம் மொழி எது என்பதைச் சொல்லின் கடைசி அசை காட்டிக்கொடுக்கிறது. இந்தியில் ‘சூனா’, கன்னடத்தில் ‘சுண்ண’, தெலுங்கில் ‘சுன்னமு’ என்றெல்லாம் வழங்கும் இச்சொற்குடும்பத்தில், ‘ம்பு’ என்று முடியும் வடிவம் தமிழ், மலையாளம் ஆகிய இரண்டிலும் நிலைத்தது. ஆகவே கோவாவின் கொங்கணி இதற்கு மூலமாக இருக்க இயலாது. முதலெழுத்தை மட்டும் நோக்கினால் மலையாளத்தின் பக்கமே தராசு சாய்கிறது: ‘பச்சை’ என்பதில் ஒலிப்பது போன்ற வல்லொலிச் சகரத்தையே அக்காலப் போர்த்துக்கீசிய எழுத்து குறித்தது, அவர்கள் முதலில் தங்கியதும் கொச்சிக் கரையில்தான். ஆனால் இவ்விரு மொழிகளையும் இன்றுபோல் அன்று போர்த்துக்கீசியர் பிரித்துப் பேசவில்லை என்பதையும் கருத வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தன் போர்த்துக்கீசியத் தலைப்பில் தமிழை ‘மலவார் தமிழ்’ என்றே குறிக்கிறது.

சொல் கைமாறிய இடம் கட்டடமாக இருந்திராது, வெற்றிலைப் பெட்டியாகவே இருந்திருக்கும். 1563இல் கோவாவில் வெளிவந்த, கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவரின் நூல், வெற்றிலைக்கும் சுண்ணத்துக்கும் போர்த்துக்கீசியர் வழங்கிய சொற்களை மலபார்ச் சொற்கள் என்றே கூறுகிறது. தாம்பூலத்தில் தடவிய பொருளின் பெயர் கப்பலேறி, கீழைக் கடல்களைக் கடந்து, மக்காவை அடைந்தபோது அதன் பொருளும் விரிந்தது. இங்கே சுண்ணாம்பு என்பது கலவையின் ஒரு கூறு, அங்கே கலவை முழுவதுமே சுனாம்போ.

வந்த இடமும் சொல்லுக்கு ஏற்றதாகவே அமைந்தது. தீபகற்பத்தின் தென்முனையில், பார்ரா பகுதியில் உள்ள கடல்தெய்வம் ‘ஆ-மா’வின் கோயிலே மக்காவு என்ற பெயருக்கு மூலம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது, எனினும் சீனர் இவ்விடத்துக்கு இட்டிருந்த பழைய பெயர்களுள் ஒன்றான ‘ஹாவ்ஜிங்’ என்பதற்குச் ‘சிப்பிக் கண்ணாடி’ என்பது பொருள். உள்ளோடு பளபளக்கும் சிப்பி மிகுந்த கரையில், நம்மூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு போன்ற சிப்பிச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. புனித பவுல் ஆலயத்தை அடுத்த குன்றில் 1617 முதல் 1626 வரை கட்டிய மலைக்கோட்டையின் 9 மீட்டர் உயர மண்மதில்களும் பொடித்த சிப்பிப் பூச்சால் உறுதி பெற்றவையே. பார்ராவிலிருந்து மேலேறும் தெருவில் 1869ஆம் ஆண்டளவில் ஜெங் குடும்பத்தார் எழுப்பிய மாளிகையின் சன்னல்களிலும், கோவா வீடுகளில் காண்பது போல, ஒளி ஊடுருவும் சிப்பித் தகடுகள் பதிந்துள்ளன.

இதே முகத்துவாரத்தின் எதிர்க்கரையான ஹாங்காங்கில், மழைக்குச் சரிந்துவிடும் மலைச்சரிவுகளின்மேல் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணும் குழைத்துப் பூசிய காப்புப் பூச்சைப் பொறியாளர்கள் ‘சூனம்’ என்கின்றனர். அது இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் வழியாகப் போன தனிப் பயணம். அவ்வடிவில் ‘பு’ இல்லை.