எந்த இன்ட் பஸ், எந்த இன்ட் நிமிஷம்?

நீங்க எழுதின பழைய புரோகிராமைத் திறந்து, "எந்தப் புண்ணியவான் எழுதினது இது?" என்று கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஸ்டாப் பெயர் கொடுத்தால் காலேஜ் பஸ் எப்போ வரும் என்று சொல்லணும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ஒரு மேப், அதுக்குள்ள வெக்டர், அதுக்குள்ள பேர் (நம்ம பேர் இல்ல, ஜோடி), அதுக்குள்ள ரெண்டு இன்ட். ஒண்ணு பஸ் நம்பர், இன்னொண்ணு எத்தனை நிமிஷம் என்பது. எது முதல்ல? ஒரு மாசம் கழிச்சு எனக்கே தெரியவில்லை.

'யூசிங்' போட்டேன். 2011இல் சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு வந்த வசதி. அதுக்கு முன்னாடி டைப்டெஃப்தான். ஒரு இன்ட்டுக்கு 'பஸ்நம்பர்', இன்னொண்ணுக்கு 'நிமிஷம்' என்று பெயர். வரி சுருங்கியது, வாய்விட்டுப் படிக்கவும் முடிந்தது. பெருமையாத்தான் இருந்தது.

ரிவ்யூவில், 8 நிமிஷத்தில் வரவேண்டிய 42ஆம் நம்பர் பஸ், 42 நிமிஷத்தில் வரும் 8ஆம் நம்பராகத் திரையில் நின்றது. டீம்மேட் ரெண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தான். கம்பைலர் வாயே திறக்கவில்லை. யூசிங் வைப்பது வெறும் பட்டப்பெயர். அதுக்கு ரெண்டுமே இன்ட்தான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆனா "பெயர் வெச்சாச்சு, இனி தப்பு வராது" என்று அவனிடம் சொன்னதே நான்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டையும் தனித்தனி ஸ்ட்ரக்ட் ஆக்கினேன். முதல் கம்பைலிலேயே 11 எரர். அதில் மூணு, நான் எழுதின வரிகள்.