எட்டு கஜமும் இருபது நிமிஷமும்

மேடை ஏறிப் பேசப்போகிற எந்த ஆண்பிள்ளைக்கும் இரண்டு பயம் உண்டு. ஒன்று, பேச வேண்டியது மறந்துபோகுமோ? இரண்டு, பேன்ட் ஜிப்பைப் போட்டோமா, இல்லையா? ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பயம் கிடையாது. அவர்களுடைய கில்ட்டில் ஜிப்பே இல்லை! அதற்குப் பதில் வேறு பத்துப் பன்னிரண்டு பயங்கள் இருக்கின்றன என்பதை என் மச்சினன் தயவில் தெரிந்துகொண்டேன்.

மச்சினன் எடின்பரோவில் ஒரு கணக்கு ஆபீஸில் இருக்கிறான். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அந்த ஊர் காசி மாதிரி. 1854-ல் எடின்பரோ கணக்கர் சங்கத்துக்கு விக்டோரியா மகாராணி சாசனம் கொடுத்தார். சாசனம் என்றால் சார்ட்டர். 'சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்' என்ற பட்டத்தின் பூர்வீகம் அதுதான். பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த ஊரில் கால் வைத்ததும் என் கை தானாகக் கும்பிடப் போனது.

போன வருஷம் நானும் மனைவியும் அவன் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம். அந்தச் சமயத்தில்தான், கணக்கர்கள் கூடும் ஒரு பகல் கூட்டத்தில் அவனைப் பேசச் சொல்லியிருந்தார்கள். இருபது நிமிஷம். தலைப்பு, சின்ன வியாபாரிகளின் புத்தகத்தில் லாபம் இருக்கிறது, கல்லாவில் ஏன் காசு இல்லை என்பது.

"ஆறு வருஷமா வேலை பார்க்கறேன் அத்தான். வருஷா வருஷம் மேலதிகாரி ஒரே பாட்டுதான். 'வேலை பிரமாதம், ஆனா கூட்டத்துல நீ இருக்கறதே தெரியலை'ங்கறார். இந்தத் தடவை ஒருத்தன்கூட என்னை மறக்கக் கூடாது. கில்ட் போட்டுக்கிட்டுப் போறேன்."

"பாவாடையாடா?" என்றாள் என் மனைவி.

"அக்கா, அந்த வார்த்தையை இங்கே வெளியில சொல்லிடாதே. சண்டைக்கு வருவாங்க."

சனிக்கிழமை மூவரும் வாடகைக்குக் கில்ட் கொடுக்கும் கடைக்குப் போனோம். முழு செட்டையும் விலைக்கு வாங்கினால் பல நூறு பவுண்டு ஆகும். ஒரு நாள் கூத்துக்கு வாடகையே போதும். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஒரு கில்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். விரித்தார், விரித்தார், விரித்துக்கொண்டே இருந்தார். முறையாகத் தைத்த கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளித் துணி பிடிக்குமாம். நம் புடவைக்கும் மடிசாருக்கும் நடுவில்! முன்பக்கம் சப்பையாக இருக்கும், கொசுவமெல்லாம் பின்பக்கம். நீளம் முட்டியோடு சரி.

மச்சினனின் கண் நேராகச் சிவப்புக் கில்ட்டுக்குப் போயிற்று. ராயல் ஸ்டூவர்ட் என்று பெயர். ரத்தச் சிவப்பில் பச்சை, நீலக் கட்டங்கள். அரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். கூடவே முன்னால் தொங்கவிட ரோமம் வைத்த பை, வெள்ளிப் பொத்தான் கோட்டு, கறுப்பு 'போ' டை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மாப்ளே, நீ பேசப் போறியா, மாறுவேஷப் போட்டிக்குப் போறியா?"

"எல்லாரும் பார்க்கணும்ல அத்தான்!"

"பார்ப்பாங்க. கேட்பாங்களா?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்தே விவகாரம் புரிந்துவிட்டது. 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்த கதையைச் சொன்னார். வரவேற்புக்கு ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மன்னர் இதே சிவப்பு ராயல் ஸ்டூவர்ட்டில், தேகத்தின் நிறத்தில் காலை ஒட்டிய டைட்ஸ் போட்டுக்கொண்டு தரிசனம் கொடுத்தாராம். கேலிச் சித்திரக்காரர்கள் விடுவார்களா? "இருநூறு வருஷமாகிறது. அன்றைக்கு மன்னர் என்ன பேசினார் என்று யாரும் கேட்பதில்லை. டைட்ஸை மட்டும் மறக்கவில்லை" என்றார் பெரியவர்.

மச்சினன் சிவப்பைக் கீழே வைத்தான். பிறகு, மனசில் இருந்த நிஜமான பயத்தை வெளியே எடுத்தான். "நான் இந்த ஊர்க்காரன் இல்லையே. நான் போடலாமா?"

பெரியவர் சிரிக்கவில்லை. அந்த உடுப்புக்கு ஒரு வலி உண்டு. கலோடன் போருக்குப் பிறகு, 1746-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. ராணுவத்தில் இருப்பவர்களைத் தவிர, ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் ஹைலாண்டு உடை உடுத்தக் கூடாது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாசம் சிறை. மறுபடி மாட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. "அதனால், மரியாதையோடு யார் போட்டாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். எந்தக் கட்டத்தை யார் போடலாம் என்று இன்றைக்குச் சட்டம் எதுவும் இல்லை" என்றார்.

எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது. 2014-ல் சென்னையில் வேட்டி கட்டிப்போன ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்புக்குள் விடவில்லை. அதே வருஷம் சட்டசபை தனிச் சட்டம் போட்டு அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டியிருந்தது. இடுப்புத் துணிக்குப் பின்னால் எவ்வளவு மானம் இருக்கிறது என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாயிற்று. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஆடுவது, மின்னுவது, சத்தம் போடுவது எதுவும் வேண்டாம்.

கரும்பச்சையும் கருநீலமும் கலந்த 'பிளாக் வாட்ச்' கட்டத்தை எடுத்தோம். குலம், கோத்திரம் கேட்காமல் யாரும் போடக்கூடியது. பகல் கூட்டம் என்பதால் வெள்ளிப் பொத்தான் கோட்டு போயிற்று. சாம்பல் நிற ட்வீட் கோட்டு, அதே துணியில் வெயிஸ்ட் கோட்டு, சாதா டை வந்தது. ரோமப் பைக்குப் பதில் சாதாரணத் தோல் பை. ஸ்போரன் என்பார்கள். கில்ட்டில் பாக்கெட் கிடையாது, ஆகவே நம் பாட்டிகளின் சுருக்குப் பைதான் அது! காலில், கணுக்கால் வரை நாடா சுற்றும் நாக்கில்லாத செருப்பை விட்டு, ஆபீஸ் ஷூவே போதும் என்று முடிவு. காலுறையில் செருகும் குட்டிக் கத்தி 'ஸ்கீன் டூ' வேண்டவே வேண்டாம். தேசிய உடையின் பகுதி என்று சட்டம் விலக்குக் கொடுத்தாலும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் சட்டம் பேசிவிட்டு மேடைக்குப் போனால் பேச்சு வராது.

எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியையும் நான் பெரியவரிடம் கேட்டேன். "வாடகைக் கில்ட் என்றால் உள்ளே கட்டாயம் உண்டு, ஐயா" என்றார் கண்டிப்பாக.

மூன்று ராத்திரி ஒத்திகை. நிற்பது சுலபம். உட்காருவதுதான் வித்தை. மேடையில் நாற்காலி போட்டு, முன்வரிசை ஆசாமிகளின் கண் நம் முட்டி மட்டத்தில் இருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. என் மனைவி வாத்தியாராகிவிட்டாள். "பின்னாடி கையை வச்சுக் கொசுவத்தைத் தடவிக்கிட்டே உட்காருடா. முட்டி ரெண்டும் சேர்ந்திருக்கணும். நாங்க பொம்பளைங்க பொறந்ததிலேர்ந்து இதைத்தான் பண்றோம்." காலர் மைக்கின் பெட்டியைச் செருக பேன்ட் பாக்கெட் இல்லையே? கோட்டின் உள் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. ஸ்போரன் சங்கிலி மர மேஜையில் இடித்து 'டிங்' என்றது. மேஜையைவிட்டு அரை அடி தள்ளி நின்று பேசப் பழகினான்.

அந்த நாளும் வந்தது. நான் கடைசி வரிசையில். முதல் நிமிஷம் எல்லாக் கண்ணும் அவன் முட்டியில். இரண்டாவது நிமிஷம், நிறைய ஆர்டர் வந்தும் வசூல் வராததால் மாவு வாங்கக் காசில்லாமல் நின்ற ஒரு பேக்கரிக்காரர் கதையை ஆரம்பித்தான். கண்கள் மேலே ஏறின. அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

டீ இடைவேளையில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பணம் வராத பில்லை எத்தனை நாளில் துரத்த ஆரம்பிக்கணும் என்று ஒருவர். பேக்கரி பிழைத்ததா என்று இன்னொருவர். மேலதிகாரி வந்து, "அந்த வசூல் அட்டவணையை எனக்கு அனுப்பு. அடுத்த கூட்டத்திலும் நீதான்" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

கில்ட்டைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மச்சினனுக்கு அதில் லேசான ஏமாற்றம். எனக்கு நிம்மதி.

அன்று ராத்திரி ஊரில் இருக்கும் மாமியாருக்கு போட்டோ அனுப்பினோம். உடனே போன்.

"கோட்டு நல்லாருக்கு, மாப்பிள்ளை. கீழே எத்தனை துணின்னீங்க?"

"எட்டு கஜம் அத்தை."

"எட்டு முழ வேட்டியிலே உங்க மாமா கணுக்கால் வரைக்கும் மூடிக்குவார். இவன் எட்டு கஜத்தைச் சுத்தியும் முட்டியை மூட முடியலையே!"