ஓர் எழுத்து



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். போன மாதம் எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் ஒட்டிய ஒரு தாளைப் பற்றி சில வட்ஸ்அப் குழுக்களில் பேச்சு அடிபடுகிறது. "பிள்ளைகள வச்சி எங்கட ஆக்களையே குத்தம் செல்ல வைக்கிறாங்க" என்று ஒரு குரல்பதிவும் சுற்றுகிறது. அந்தப் பிள்ளைகளோடு கூட இருந்தவள் நான். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் கணினி படிப்பிக்கிறவள் இல்லை, தமிழ் படிப்பிக்கிறவள். ஐசிடி சேர் ஒருநாள் இடைவேளையில் வந்து, "டீச்சர், தரம் 12 பிள்ளைகள் ஒரு செயற்திட்டம் செய்றாங்க. பேஸ்புக் கொமன்ட்களை வாசிச்சி, அது அன்பா, கோபமா, வெறுப்பா என்டு கணினியே பிரிக்கணும். தமிழ் வந்தா அது தடுமாறுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார்.

இதை உணர்வுப் பகுப்பாய்வு என்கிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. முதலில் மனிதர்கள் நிறைய வசனங்களை வாசித்து, "இது நல்லது, இது கெட்டது, இது இரண்டும் இல்லை" என்று ஒவ்வொன்றிலும் அடையாளமிட வேண்டும். அதைப் பார்த்துப் பழகித்தான் கணினி புதிய வசனங்களைப் பிரிக்கும். சிங்களத்தில் 10,000 டுவிட்டர் பதிவுகளை, புண்படுத்துபவையா இல்லையா என்று ஆட்களைக் கொண்டு அடையாளமிட்டு 2022இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் கலந்த தமிழுக்கு 2020இல் வந்த தொகுப்பில் 15,744 யூடியூப் கொமன்ட்கள் இருக்கின்றன. சினிமா முன்னோட்டங்களுக்குக் கீழே எழுதப்பட்டவை அவை. அதைப் படித்த கணினிக்குப் புறக்கோட்டைத் தமிழ் எப்படி விளங்கும்?

பிள்ளைகளிடம் ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். ஒரு மகன் சொன்னார்: "டீச்சர், எங்கள எவ்வளவு வெறுக்கிறாங்க என்டு எண்ணிக் காட்டினா, ஆக்கள் வெக்கப்பட்டுத் திருந்துவாங்க."

எனக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது. இந்தப் பிள்ளைகள் டிகன எரிந்தபோது ஆரம்பப் பிரிவில் படித்தவர்கள். 2018 மார்ச்சில் பேஸ்புக்கை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்களே, நினைவிருக்கும். அதற்கு நான்கு வருடம் முன்பே, 2014இல், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இலங்கைப் பேஸ்புக்கில் வெறுப்புப் பேச்சு எப்படிப் பரவுகிறது என்று ஆய்வு செய்து எழுதியிருந்தது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கைக்குழந்தையைக்கூட விடாதே என்ற பொருளில் சிங்களத்தில் வந்த ஒரு பதிவை முறையிட்டபோது, அது விதியை மீறவில்லை என்றே பேஸ்புக்கிடமிருந்து பதில் வந்தது. 2018இல் தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். எண்ணிக் காட்ட ஆள் இருந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு.

பிள்ளைகள் 2018 முதல் 2021 வரை பொதுச் செய்திப் பக்கங்களில் வந்த சிங்கள, தமிழ் கொமன்ட்களைச் சேர்த்திருந்தார்கள். பெயர், படம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று பேர் தனித்தனியாக வாசித்து அடையாளமிடுவது ஏற்பாடு. மூவரில் இருவராவது ஒத்துவந்தால் அதை எடுப்பது, இல்லாவிட்டால் கூடிப் பேசுவது.

கூடிப் பேசியதில்தான் பாதி நாள் போனது. "அல்லாஹ் பாத்துக்குவான்" என்ற ஒரு வரி. ஒரு மகள் அதை ஆறுதல் என்று போட்டிருந்தார். இன்னொரு மகள் சாபம் என்று போட்டிருந்தார். மூன்றாமவர் இரண்டும் இல்லை, சும்மா சொல்வது என்றார். மூவரும் எங்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கே இப்படி என்றால் வேறு மொழிக்காரர் என்ன செய்வார்?

அப்போது சிலாபத்தில் நடந்ததைச் சொன்னேன். 2019 மே 12. ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பது பொருள். ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று வாரம். அந்த வரியை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கூட்டம் திரண்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன.

அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் அம்பாறை. சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கடையில் சண்டை. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் கேள்வி விளங்காமல் ஆமாம் போட, அந்த வீடியோ நாடெங்கும் ஓடியது. அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் கிடையாது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

பிள்ளைகள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு மகள், "அப்ப டீச்சர், சிங்களக் கொமன்ட்டுக்கு நாங்க மட்டும் அடையாளம் போடுறது சரியா?" என்று கேட்டார். சரியில்லைதான். ஐசிடி சேருக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வழியாக, பக்கத்துச் சிங்கள மொழிப் பாடசாலையிலிருந்து ஐந்து பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை வந்தார்கள்.

'தம்பியா' என்ற சொல் வந்தது. எங்களைக் கேவலமாகச் சொல்லும் சிங்களச் சொல், தெரியாதவர் யாரும் இல்லை. எங்கள் பிள்ளைகள் மூவரும் வெறுப்பு என்று போட்டிருந்தார்கள். வந்த ஒரு மகன், வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சொல்தானே என்று 'இரண்டும் இல்லை' போட்டார். கணினியோ, ஆங்கில எழுத்தில் இருந்த அந்தச் சொல்லைத் தமிழ்ச் சொல்லாக எடுத்து நல்லது என்று போட்டிருந்தது. "தமிழ்ல இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அந்த மகன் சிங்களத்தில் கேட்டார். "மல்லி" என்றார் எங்கள் மகள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் அடையாளத்தைத் தானே மாற்றினார்.

என் வாப்பா கெய்சர் வீதியில் முப்பது வருடம் துணிக்கடை வைத்திருந்தவர். வெளியூர்ச் சிங்கள வியாபாரிகள் அவரை "நானா" என்றுதான் கூப்பிடுவார்கள். நானாவும் எங்கள் முறைச்சொல், தம்பியும் எங்கள் முறைச்சொல். ஒன்று அன்பாகவும் மற்றது ஏச்சாகவும் போனதை எந்த அகராதி சொல்லித்தரும்?

அன்று மாலை தமிழ்க் கொமன்ட்கள் வந்தன. நாங்கள் எழுதியவை. அதிலே அடையாளம் போடுவது இலகுவாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கு எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லிக் காட்டினார்கள். சொல்லிக்கொண்டு போகும்போதே ஒரு மகனின் குரல் இறங்கியது. என்ன என்று கேட்டேன். "டீச்சர், எல்லாத்துலயும் 'சிங்களவன்', 'அவனுகள்' என்டுதான் ஈக்கி. இத எப்படிச் சிங்களத்துல செல்ற?"

நான் தமிழ் டீச்சர். விகுதி பற்றி வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதுகிறேன். அன், அள், அர். மரியாதை கடைசி எழுத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வைக்கிறேன். அந்தக் கடைசி எழுத்தைக் கணினி கவனிக்கவில்லை. ஏச்சுச் சொல் ஒன்றும் இல்லாத வசனங்களை அது 'இரண்டும் இல்லை' என்று தள்ளிவிட்டது. வாசித்த எங்களுக்கு விளங்கியது.

ஒரு மகன் நியாயமான கேள்வி கேட்டார். "அல்லாஹ்வையே 'அவன்' என்டுதானே டீச்சர் செல்றம்?" உண்மை. நெருக்கத்திலும் 'அவன்' வரும். கூடப் படித்தவனை அவன் என்போம், பிள்ளையை அவன் என்போம். முகமே தெரியாத ஒரு கூட்டத்தை 'அவனுகள்' என்னும்போது அதில் என்ன நெருக்கம் இருக்கிறது? இதைக் கணினியிடம் விட முடியாது, மனிதர்தான் பிரிக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன்.

அதில் என் வரி இருந்தது.

பெயர் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் எழுதியவளுக்குத் தன் வசனம் தெரியாமல் போகுமா? 2020 டிசம்பர். கொரோனா என்று சொல்லி 20 நாள் குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்த செய்திக்குக் கீழே இரவு எழுதியது. அழுதுகொண்டே எழுதியது. இவனுகளுக்கு ஈரல் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். எரிக்க உத்தரவு போட்டவர்களை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு இனத்தையே சொல்லியிருந்தேன். அதே நாட்களில் பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்களே, அதில் மற்றச் சமூகத்தவர்களும் இருந்தார்கள். படத்தில் பார்த்தேன். பார்த்தும் என் வரியை அழிக்கவில்லை.

என் கோபம் பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். அடக்கம் செய்ய அனுமதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் வந்தது, மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்தான். ஆனால் அந்த விகுதி பிழை. அதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "இது நான் எழுதினது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மகள் தன் பேனையை என்னிடம் நீட்டி, "நீங்களே அடையாளம் போடுங்க டீச்சர்" என்றார். போட்டேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் எழுதியதுதான் நீங்கள் கேள்விப்பட்ட தாள். ஒரு பக்கம் 'சிங்களவன், தமிழன், அவனுகள்'. மறுபக்கம் 'சிங்களவர், தமிழர், அவர்கள்'. கீழே இரண்டு வேண்டுகோள். கொமன்ட் போடுமுன் கடைசி எழுத்தைப் பாருங்கள். விளங்காத மொழியில் ஒன்று வந்தால், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். வந்த பிள்ளைகளும் தங்கள் பாடசாலைக்குத் 'தம்பியா' பற்றிச் சிங்களத்தில் ஒரு தாள் எழுதினார்கள்.

இரண்டாம் நாளே ஒரு பெரியவர் பாடசாலைக்கு வந்தார். 2019இல் மருமகனின் கடையை இழந்த குடும்பம். "டீச்சர், அவங்க கடைய எரிச்சாங்க. நாங்க ஒரு எழுத்துத்தானே எழுதினம். ரெண்டும் ஒன்டா?" என்று கேட்டார்.

ஒன்றில்லை. அதைப் பிள்ளைகள் தங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சொல்லும் நெருப்பும் ஒன்றல்ல, எரித்தவர் பொறுப்பு எரித்தவருக்கே என்று. சிங்களக் கொமன்ட்களின் கணக்கையும் மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "பிள்ளைகள்ட பேர் வெளிய வந்தா என்ன ஆகும்? அந்தக் கவிதை எழுதின பொடியனுக்கு நடந்தது தெரியாதா?" தெரியும். அஹ்னாப் ஜஸீம், எங்களைப் போல ஓர் ஆசிரியர். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியைத் தீவிரவாதம் என்று வாசித்து 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை, 2023 டிசம்பரில்தான் விடுதலை. தமிழைப் பிழையாக வாசித்ததற்கு ஒரு மனிதர் கொடுத்த விலை அது. பெரியவரின் பயத்தை நான் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எடுக்கவில்லை. அதனால்தான் தாளிலும் அறிக்கையிலும் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. நுழைவாயிலில் இருந்த தாளை எடுத்து வகுப்பறைக்குள் ஒட்டச் சொல்லிவிட்டார் அதிபர். பிள்ளைகளுக்குக் கவலை. எனக்கும்தான். பெரியவர் சமாதானமாகிப் போகவில்லை. சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணிக் காட்டினால் மற்றவர்கள் திருந்துவார்கள் என்று தொடங்கிய மகன், இப்போது வீட்டுக் குழுவில் மாமாமாரின் கொமன்ட்டுக்கு "ர் போடுங்க" என்று பதில் எழுதுகிறாராம். ஒரு மாமா அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இன்னொரு மாமா திருத்தி எழுதினாராம். இதுவரை கண்ட மாற்றம் இவ்வளவுதான்.

குரல்பதிவு போட்டவர் யார் என்று தேடவேண்டாம், தயவுசெய்து. கேட்பது ஒன்றுதான். உங்கள் போனில் நீங்கள் கடைசியாக எழுதிய பத்துக் கொமன்ட்களை எடுத்து ஒரு முறை வாசியுங்கள். கடைசி எழுத்தைப் பாருங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே எழுதும்போதும்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.